தேங்காய் எண்ணெய் ஏன் சட்டென்று உருகுகிறது, நெய் ஏன் மெல்ல இளகுகிறது? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, வெந்நீரில் வைத்து இளக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. காரணம் கேட்டால், "தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம்" என்பார்கள். அது பாதி உண்மைதான். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் 90 விழுக்காடு வரை இருந்தும் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடுகிறது. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெயில் அவை 60 விழுக்காடுதான், ஆனால் அது உருக 34 டிகிரி வேண்டும். மீதிப் பாதி என்ன என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

படி 1: எடுத்து வையுங்கள்

நான்கு சின்னக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன்: தேங்காய் எண்ணெய், நெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய். கூடவே ஒரு சமையல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்ப்பது உதவாது, நமக்கு வேண்டிய வெப்பநிலை எல்லாம் அதன் அளவுக்குக் கீழே இருக்கிறது. பாட்டில்களில் ஈரம் இருக்கக் கூடாது.

படி 2: ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில்

ஃப்ரீசரில் அல்ல, கீழ்த்தட்டில். காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாகியிருக்கும், நெய்யும் இறுகியிருக்கும். நல்லெண்ணெய் ஊற்றினால் ஓடும். கடலை எண்ணெயைக் கவனமாகப் பாருங்கள், கலங்கியோ கூழ்போலத் திரண்டோ இருக்கும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 3: மெல்லச் சூடேற்றுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் நெய் பாட்டிலையும் குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கொழுப்பு கொஞ்சம் இளகியதும் தெர்மாமீட்டரை அதற்குள்ளேயே வையுங்கள், தண்ணீரின் சூடும் கொழுப்பின் சூடும் ஒன்றல்ல. இளக ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, கடைசி வெள்ளைத் துணுக்கு மறையும்போது ஒரு தடவை, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் செய்தபோது உருகுவதை விட்டு உறைவதை அளந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது. கொழுப்பு குளிரும்போது உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போன பிறகும் திரவமாகவே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அதனால் உருகுவதைத்தான் நம்பலாம்.

தேங்காய் எண்ணெய் சில டிகிரிகளுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். நெய்யோ சீக்கிரமே இளகத் தொடங்கி, கடைசி மணல் கரைய 35 டிகிரியை ஒட்டிக்கூடப் போகும்.

ஏன் இப்படி?

எண்ணெய், நெய் எல்லாமே பெரும்பாலும் ஒரே மாதிரிக் கட்டமைப்புதான், மூன்று வால் கட்டிய பட்டம்போல. ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பு அமிலம், கார்பன் அணுக்களின் சங்கிலி. கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லாத நேரான சங்கிலியைத்தான் 'நிறைவுற்றது' என்கிறோம். வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டால் திடம், பிரிக்க அதிகச் சூடு வேண்டும். சவுக்குக் கழிகளை அடுக்கினால் இடைவெளியே இருக்காது, கோணல் கருவேல விறகை எவ்வளவு முயன்றாலும் அப்படி அடுக்க முடியாது இல்லையா, அதேதான்.

முதல் விஷயம் நீளம். 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம் 44 டிகிரியில் உருகும், 16 கார்பன் பால்மிடிக் 63-இல், 18 கார்பன் ஸ்டியரிக் 69-இல். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக், கோகோ வெண்ணெயின் நிறைவுற்ற பகுதியோ பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும். 90 விழுக்காடு 60-இடம் தோற்பதற்கு முக்கியக் காரணம் இந்த நீளம்தான். கடலை எண்ணெய் கலங்கியதும் இதனால்தான், அதில் 20 முதல் 24 கார்பன் வரை நீண்ட நிறைவுற்ற சங்கிலிகள் சில விழுக்காடு உண்டு, குளிரில் முதலில் படிவது அவைதான்.

இரண்டாவது வளைவு. ஸ்டியரிக்கைப் போலவே 18 கார்பன் உள்ள ஒலியிக் அமிலத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைத்துவிடுகிறது, உருகுநிலை 69-இலிருந்து 13-க்கு விழுகிறது. இரண்டு வளைவுள்ள லினோலியிக் மைனஸ் 5. நல்லெண்ணெயில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். அந்த இரட்டைப் பிணைப்பு இருந்தும் சங்கிலி நேராக நின்றால் அதுதான் டிரான்ஸ் கொழுப்பு: ஒலியிக்கின் டிரான்ஸ் வடிவம் சுமார் 45 டிகிரியில்தான் உருகும். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த (திரவ எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய) வனஸ்பதி கெட்டியாக நின்றதில் இதற்கும் பங்கு உண்டு. உடம்புக்குக் கெடுதல் என்பதால் 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 விழுக்காடுதான் உச்சவரம்பு.

மூன்றாவது கலவை. நெய்யில் 4 கார்பனிலிருந்து 18 வரை எல்லாம் கலந்து கிடப்பதால் ஒவ்வொன்றும் தன் நேரத்தில் இளகுகிறது. சாதாரண அறைச் சூட்டில் மேலே திரவமும் கீழே மணலுமாக நிற்பது அதனால்தான். மெல்ல ஆறவிட்டால் மணல் பெரிதாகும், எனக்குப் பிடித்த நெய் அதுதான். கோகோ வெண்ணெய் இதற்கு நேர்மாறு: பெரும்பாலான மூலக்கூறுகளில் நடுவில் ஒலியிக், இருபக்கமும் நிறைவுற்றவை என்று ஒரே அச்சு. அதனால்தான் கையில் கெட்டியாக இருந்த சாக்லேட் வாயில் போட்டதும் மொத்தமாக உருகிவிடுகிறது.

படி 4: கலந்து பாருங்கள்

உருக்கிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சம அளவு கலந்து மறுபடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கல்போல இறுகாது, விரலால் வழிக்கலாம். உதட்டுக்கும் குதிகாலுக்கும் தைலம் செய்பவர்கள் பதம் பிடிப்பது இந்த விகிதத்தை மாற்றித்தான்.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் பார்க்கவும் இந்த ஃபிரிட்ஜ் முறையைச் சொல்வார்கள்: வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாமல் தனி அடுக்காக நிற்கும் என்று. மலிவான திரவ எண்ணெய் நிறையக் கலந்திருந்தால் சரி. ஆனால் எண்ணெய்ப்பனையின் விதைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம்தான், அதைக் கலந்திருந்தால் அதுவும் தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து உறைந்துவிடும், ஃபிரிட்ஜ் காட்டிக்கொடுக்காது.