ஏற்காட்டு ஏரிக்கரை வீடும் காரைக்குடிக் கதவும்: பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முறை

ஏற்காட்டில் ஏரியை ஒட்டி என் மாமனார் 1979-இல் கட்டிய வீடு எங்களுடையது. மொசைக் தரை, சன்மைக்கா ஒட்டிய அலமாரிகள், தலைக்கு மேல் அழுத்தும் லாஃப்ட், ஏரி தெரிய வேண்டிய பக்கத்தில் இரண்டடி ஜன்னல். இதை இன்றைய வசதிகளோடு மாற்ற வேண்டும், அதே நேரம் செட்டிநாட்டுக் கதவுக்கும் ஊஞ்சலுக்கும் இடம் வேண்டும் என்பது எங்கள் ஆசை. இரண்டு வருடம் பிடித்தது. முதன்முறை இறங்குபவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சுவரில் உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்தால் உடனே பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். ஒரு அடிச் சதுர பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் துளிர்த்திருந்தால், காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று அர்த்தம். அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து.

எங்கள் வீட்டில் துளி உள்பக்கம் இருந்தது. பின்புறம் மேட்டு மண் சரிந்து சரிந்து, சுவர்மேல் ஒன்றரை அடி ஏறியிருந்தது. அந்த மண்ணை வெட்டி எடுத்து, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் கட்டினோம். உள்ளே நான்கடி உயரம் வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். அப்புறம்தான் சுண்ணாம்புக் காரை பூசினோம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், சுண்ணாம்பு அதை வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை வீண். வெள்ளைச் சுண்ணாம்பே போதும், பழைய மரத்துக்குப் பின்னால் அந்த வெண்மையைப் போல எதுவும் எடுப்பாக இருக்காது.

படி 2: எதை இடிப்பது, எதை விடுவது

லாஃப்டையும் சன்மைக்காவையும் தயங்காமல் எடுங்கள். மொசைக் தரையை மட்டும் விட்டுவிடுங்கள். மெஷின் வைத்து இழைத்து பாலிஷ் போட்டால் புதிது மாதிரி வரும். இன்று அந்தத் தரத்தில் போட்டுத்தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஜன்னலைப் பெரிதாக்கும் முன் இன்ஜினியரை வரவழையுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. மலைப்பகுதி என்பதால் அனுமதி விதிகளையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூரையிலோ கார் ஷெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு முழு ஷீட்டாகக் கழற்றுங்கள்.

படி 3: பழம்பொருள் வாங்கும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மா தேக்குக் கதவு, தூண், ஊஞ்சல் பலகை, பீங்கான் ஜாடி எல்லாம் கிடைக்கும். பணத்தைவிட அளவு நாடாதான் அங்கே முக்கியம். செட்டிநாட்டு நிலைகள் அகலத்திலும் கனத்திலும் பெரியவை, உங்கள் சுவர் தாங்குமா என்று பாருங்கள். மரத்தை விரலால் தட்டுங்கள். சின்னச் சின்ன ஓட்டையிலிருந்து மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சிலை, கோயில் வாகனம், யானைத் தந்தப் பொருள் பக்கம் போகவே வேண்டாம். 100 வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கோயிலில் இருக்க வேண்டியது கோயிலில்தான் இருக்க வேண்டும்.

படி 4: மரத்தை ஊருக்குப் பழக்குங்கள்

நாங்கள் தவறு செய்த இடம் இது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி டெம்போவில் வந்த கதவை, மறுநாளே மாட்டிவிட்டோம். காரைக்குடி வெயிலில் காய்ந்த மரம் ஏற்காட்டுப் பனியைக் குடித்து உப்பியது. ஐப்பசியில் கதவு சாத்தவில்லை. ஆசாரி இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவினார். மாசியில் மரம் காய்ந்து சுருங்கியபோது, இரண்டு கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. நூறு வருடத்து மரத்தைச் சீவி எறிந்தது இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் கதவை எந்த அறையில் மாட்டப் போகிறீர்களோ அதே அறையில், தரையில் படாமல் கட்டைமேல் கிடத்தி, குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகு அளவெடுங்கள்.

படி 5: சுத்தம், பாலிஷ்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு வேண்டாம், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள். அரக்கு பாலிஷை மூடுபனி நாளில் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், வெயில் நாள் வரும்வரை காத்திருங்கள்.

நாங்கள் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய்தான் போட்டோம். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தால் தேக்கின் வரி ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

படி 6: எதை எங்கே வைப்பது

ஓர் அறைக்கு ஒரு பெரிய பழம்பொருள் போதும், ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் கதவு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே தினமும் திறந்து மூடுகிறது. ஊஞ்சல் பலகையை ஏரி ஜன்னலுக்குக் கீழே கல்லின்மேல் பதித்து இருக்கையாக்கினோம், சுற்றிலும் எதுவும் இல்லை. சமையலறையை முழுக்கப் புதிதாகவே செய்யுங்கள். அங்கே பழமைக்கு அடையாளமாக ஊறுகாய் போட்டு வைக்கிற பீங்கான் ஜாடி மட்டும் போதும்.

வயரிங் சுவருக்குள் போகட்டும். பழைய தொங்கு விளக்கானால் உள்ளே இருக்கும் துணி சுற்றிய வயரைக் கட்டாயம் மாற்றி, எர்த் கொடுங்கள். பல்பு 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாக இருக்கட்டும், வெள்ளை எல்இடி தேக்கைச் சாம்பலாகக் காட்டும்.

பனி விலகியதும் வருடத்துக்கு ஒருமுறை கதவுக்கு எண்ணெய் தடவுகிறோம். கீல்களுக்கும் அன்றைக்கே ஒரு சொட்டு.