பவர் பத்தவில்லை என்று நினைக்கும் முன்: கியூஆர்பியில் செய்யக்கூடாத தவறுகள்

லைசென்ஸ் வாங்கி ஆர்வத்துக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோவில் 5 வாட்டும் அதற்குக் கீழும் வைத்துச் சிற்றலையில் பேசுவதைத்தான் கியூஆர்பி என்கிறோம். சொந்தமாக ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைக் கட்டி, நாலு நாள் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் பதில் தராமல் போனதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பவர் பத்தவில்லை. இதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் முக்கால்வாசி இதன் பின்னாலேயே வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் போவது 13 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி 6 டெசிபல், ஆக 100 வாட்டில் உங்களை எஸ்7 என்று கேட்டவருக்கு இப்போது உங்கள் சிக்னல் எஸ்5 பக்கம் கேட்கும், அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லை என்றால் ரிசீவரை 14.100 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். உலகம் முழுக்க இருக்கும் 18 பீக்கன்கள், அதாவது தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்கள், அங்கே முறை வைத்து ஒலிக்கும். ஒவ்வொன்றும் நிலையத்தின் பெயர்போல இருக்கும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பிவிட்டு நாலு நீண்ட டாஷ் தரும், முதலாவது 100 வாட், அடுத்தது 10, அப்புறம் 1, கடைசி 0.1 வாட். பேண்ட் திறந்திருக்கும், அதாவது சிக்னல் தூரத்துக்கு எட்டும் நாளில் மூன்றாவது டாஷ் தெளிவாகவே கேட்கும், சில சமயம் நாலாவதும் இரைச்சலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அதைக் காதால் கேட்ட பிறகு 5 வாட்டைக் குறை சொல்ல மனசு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பவர் குறைவு என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேட்பது வேறு, அனுப்புவது வேறு. அழைப்புக்குறி கையில் வரும்வரை ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரான டம்மி லோடில் மட்டும் சோதனை செய்யுங்கள்.

வீட்டில் கட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, நம் அலைவரிசைக்கு மேலே போகும் கழிவுகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரை விட்டுவிடுவதுதான். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கிரிஸ்டல், ஆன்டெனா, முடிந்தது என்று போடும் சர்க்யூட்டுகள் நிறைய சுற்றுகின்றன. 7.030 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது அதன் மடங்குகளான 14.060-இலும் 21.090-இலும் கூடவே சத்தம் போகும். என் முதல் டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில்தான் வைத்திருந்தேன், பக்கத்து மேஜையில் இருந்த ரிசீவரை 14.060-க்குத் திருப்பினால் அங்கே என் மோர்ஸ் கணீரென்று கேட்டது. ஆன்டெனா மாட்டியிருந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததை நான் கெடுத்திருப்பேன். அமெரிக்க விதியில் இந்தக் கழிவுகள் முதன்மை சிக்னலைவிட 43 டெசிபல் கீழே இருக்க வேண்டும், அதாவது 5 வாட்டுக்கு 0.25 மில்லிவாட். எந்த நாட்டில் இருந்தாலும் அதை ஒரு நல்ல அளவாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு காயிலோ மூன்று காயிலோ போட்ட ஒரு ஃபில்டர் அரை மணி நேர வேலை.

அந்தக் காயில் சுற்றும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. டாராய்டு என்ற காயில் சுற்றும் வளையத்தில் கம்பி அதன் துளைக்குள் ஒரு தடவை நுழைந்தாலே அது ஒரு சுற்று; வெளிப்பக்கமாக எண்ணினால் ஒன்று கூடவோ குறையவோ போகும். டி37-2 என்ற சிவப்பு வளையத்தில் 16 சுற்று போட்டால் ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி வரும். மஞ்சள் வளையத்தில் அதே 16 சுற்றுக்கு முக்கால்தான், எனவே நிறம் பார்க்காமல் சுற்றாதீர்கள். ஃபில்டர் கெபாசிட்டருக்குச் சூட்டில் மதிப்பு நகராத என்பி0 வகைதான் வேண்டும். கையில் கிடைத்த சாதாரண செராமிக்கைப் போட்டால் சூடேறச் சூடேற மதிப்பு நகர்ந்துவிடும்.

பவரை அளக்காமல் “5 வாட் வருகிறது” என்று சொல்வதும் பழக்கமாகிவிட்டது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். 2 வாட் தாங்கும் 200 ஓம் ரெசிஸ்டர் நாலை இணையாகச் சேர்த்தால் 50 ஓம் டம்மி லோட் தயார். அதன் குறுக்கே ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர், வோல்ட் மீட்டர். மீட்டர் 21.8 வோல்ட் காட்டினால் டயோடு தின்ற 0.6-ஐக் கூட்டி 22.4, அதன் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் 5 வாட். அளந்து பார்த்து ஒன்றரை வாட்தான் வருகிறது என்று தெரிந்தால் அதில் ஒன்றும் குறையில்லை, அதை வைத்தும் தாராளமாகப் பேசலாம். தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

ஐஆர்எஃப்510 என்ற பவர் டிரான்சிஸ்டரைப் போடுகிறவர்கள் அதன் உலோக முதுகு, சப்ளை வரும் டிரெயின் காலோடு இணைந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா வைக்காமல் ஹீட் சிங்கில் இறுக்கி, அந்த ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் சப்ளை நேராக கிரவுண்டுக்குப் போய்விடும். அதேபோல ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் மோர்ஸ் கீயை அழுத்தவே கூடாது.

கீயை அழுத்தும்போது டோன் “டீ” என்று நிற்காமல் “டியூ” என்று வழுக்கினால் அது சிர்ப். அலைவரிசையை உருவாக்கும் ஆசிலேட்டருக்குப் போகும் சப்ளையையே கீயால் வெட்டி ஒட்டுவது, பேட்டரி இறங்கிப் போயிருப்பது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆசிலேட்டரை ஓடவிட்டு அடுத்த கட்டத்தைக் கீ செய்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

ஆன்டெனாவைப் பற்றி: ஜன்னலில் தொங்கும் ஒரு துண்டுக் கம்பிக்கு 5 வாட்டைக் கொடுத்துவிட்டு ரேடியோவைக் குறை சொல்வது நியாயமில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், நடுவில் இணைப்புக் கொடுத்து இரண்டு பக்கமும் கம்பி இழுக்கும் டைபோல் ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.030-க்கு 20.3 மீட்டர், பக்கத்துக்கு 10.15. கொஞ்சம் நீளமாகவே வெட்டி, மேலே ஏற்றி, ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் பார்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மெல்லிய கோஆக்ஸ் கேபிளை வீடு சுற்றி இழுத்து அதிலேயே பாதி பவரைக் கரைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி, எல்லாம் சரியாக இருந்தும் பதில் வராததற்கு அதிகம் பேர் கவனிக்காத ஒரு காரணம். வரும் சிக்னலை நேராகக் காதுக்கான டோனாக மாற்றும் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவரில் ஒரு நிலையம் இரண்டு பக்கமும் கேட்கும், டயலைத் திருப்பினால் டோன் கீழே இறங்கி, சுழியைத் தொட்டு, மறுபடி ஏறும். 700 ஹெர்ட்ஸ் டோனில் நீங்கள் நிற்பது சரியான பக்கமா, எதிர்ப் பக்கமா என்று காதுக்குத் தெரியாது. அனுப்பும்போது செட் தன் அலைவரிசையை ஒரே திசையில்தான் 700 ஹெர்ட்ஸ் நகர்த்தும். தவறான பக்கம் நின்றால் அவரைவிட்டு 1400 ஹெர்ட்ஸ் தள்ளிப்போய்க் கூப்பிடுவீர்கள். அவர் 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் நீங்கள் அங்கே இல்லவே இல்லை. நீங்கள் பவரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் செட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை இன்னொரு ரிசீவரில் ஒரே ஒரு தடவை பார்த்து, பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், கூப்பிடும் முறை. யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பான சிக்யூவைச் சும்மா போட்டுக்கொண்டே இருப்பதைவிட, பலமாகக் கேட்கிறவர் சிக்யூ போடும்போது பதில் கொடுப்பது குறைந்த பவருக்கு நன்றாக வேலை செய்யும். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அழைப்புக்குறியை இரண்டு தடவை, அவர் வேகத்திலேயே. சிக்னல் வெளியே போகிறதா என்றே சந்தேகம் வந்தால் மோர்ஸில் “சிக்யூ” என்று அழைப்புக்குறியோடு மூன்று நான்கு தடவை அனுப்பிவிட்டு கேட்கிற அழைப்புக்குறிகளைத் தானாகவே இணையத்தில் பதிவு செய்யும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் உங்கள் குறியைத் தேடுங்கள். அங்கே ஏதோ ஒரு தூரத்து ரிசீவர் உங்களை 8 டெசிபல் என்று குறித்து வைத்திருந்தால் டிரான்ஸ்மிட்டரைத் திறக்காதீர்கள், அந்த 700 ஹெர்ட்ஸை முதலில் பாருங்கள்.