பழைய பிக்கப்: அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள்

பழைய பிக்கப் வாங்கும்போது, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பதற்கு முன்பே லோடு பாடிக்கு அடியில் டார்ச் அடித்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸையும் அதன் மேலுள்ள குறுக்குச் சட்டங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழியும் கோழி எருவும் ஏற்றிய வண்டிகளில், எச்சத்தின் ஈரமும் அம்மோனியாவும் இடுக்குகளில் தங்கி இரும்பை அரிப்பதால், புது பெயின்ட் மறைத்தாலும் அந்த இடம் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். சில வேளை துருச் செதிலும் உதிரும். குறுக்குச் சட்டம் மட்டும் போயிருந்தால் வெல்டிங் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். சேஸிஸே அரித்திருந்தால் பேரமே வேண்டாம். திருப்பூரில் பனியன் துணி மட்டுமே ஏற்றிய வண்டிக்கு இச்சோதனை அவ்வளவாக உதவாது. அடிப்பகுதி முழுவதும் அண்மையில் அண்டர்கோட்டிங் எனும் தடித்த துருத்தடுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால் ஒலியை நம்பவும் முடியாது.