பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்துருச்சு, அடுத்து என்ன பண்றது?

எங்க சின்னாத்தாவுக்கு கன்னத்து உள்பக்கம் புண்ணு வந்து மூணு மாசம் ஆச்சுங்கறது எங்களுக்கு தெரிஞ்சதே கல்யாண வேலையெல்லாம் முடிஞ்சு வளவுல பாய் சுருட்டுறப்பதான். வடையை பிச்சு வாயில போட்டவங்க "காந்துது அப்பு"ன்னு ஓரமா துப்புனாங்க, செல்போன் லைட் அடிச்சு பாத்தா எந்தப் பக்கம் வெத்தலை பாக்கு அடக்குவாங்களோ அதே பக்கம் ஒரு ரூபா காசு அளவுக்கு, ஓரம் தடிச்சுப் போயி இருக்கு. கேட்டா ஏற்கனவே ஒரு கிளினிக்ல காட்டி உடம்பு சூடுன்னு விட்டமின் மாத்திரையும் தடவுற மருந்தும் வாங்கிட்டு வந்துருக்காங்க, கல்யாண வீட்டுல எதுக்கு பேச்சுன்னு யார்ட்டயும் சொல்லல. கடைசில அது வாய் கேன்சர். அந்த மூணு மாசம் எங்களுக்கு போனது போனதுதான், உங்களுக்கு போகக்கூடாதுன்னுதான் இத டைப் பண்றேன்.

சாதா வாய்ப்புண்ணு ரெண்டு வாரத்துல, மிஞ்சிப்போனா மூணு வாரத்துல ஆறிடணும். ஆறலன்னா, இல்ல வெள்ளையா செவப்பா திட்டு நிக்குது, வாய் முழுசா தொறக்க முடியல, கழுத்துல கட்டி தட்டுப்படுதுன்னா பல் டாக்டர் இல்லாட்டி காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட போயிடுங்க. "நான் போயிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே"ம்பாங்க நம்ம வீட்டு பெரியவுக, ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே பாக்கையும், போயிலை இல்லாத வெத்தலை பாக்கையுமே கேன்சர் வரவைக்கிற பொருள்னு சொல்லிருச்சு. தாம்பூலத்தட்டை தூக்கிப் போடுங்கன்னு சொல்லல, மணிக்கணக்கா கன்னத்துல அடக்கி வைக்கிற பழக்கத்தத்தான் சொல்றேன்.

சந்தேகம் வந்தா பயாப்சிதான், ஒரு துணுக்கு சதை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. "கத்தி பட்டா பரவிடும்"னு எங்க வீட்டுலயும் ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு. அப்படி பரவாது, பயாப்சி இல்லாம எந்த வகைன்னே தெரியாது, வகை தெரியாம வைத்தியமே கெடையாது.

கேன்சர்னா என்னன்னு சின்னாத்தாவுக்கு நான் சொன்னது இதுதான். பூட்டிக் கெடக்கிற நம்ம பெரிய வீட்டுச் சுவத்துல அரசங்கன்னு முளைக்கும்ல, மேலாக்க ஒடிச்சா திரும்ப வரும், வேரோட சுத்துக் காரையையும் சேத்துக் கொத்தி எடுக்கணும், அதுதான் ஆபரேஷன். எடுத்த பெறகு அந்த எடத்துல மிச்சம் இருக்கிறத கருக்குறது ரேடியேஷன், கரண்டுன்னு சொல்வாங்களே அது. ஏற்கனவே விதை விழுந்து வேற சுவத்துலயும் முளைச்சிருக்கும்னா ரத்தத்து வழியா உடம்பு பூரா போற மருந்து வேணும், அதுதான் கீமோ. ஒரே ஒரு வித்தியாசம், அரசவிதை வெளிய இருந்து வந்தது, கேன்சர் நம்ம சொந்த செல்லு, டிஎன்ஏல தப்பு சேந்து சேந்து நிறுத்தத் தெரியாம பெருகிக்கிட்டே போறது. அதனால ஒட்டுவாரொட்டி கெடையாது, தனித் தட்டு தனி டம்ளர் எல்லாம் வேணாம்.

இப்ப ரிப்போர்ட்ட படிங்க. சின்னாத்தாவுக்கு "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்"னு வந்துச்சு. மொதப் பாதி வகை, வாய் கேன்சர்ல பெரும்பாலும் இதுதான். ரெண்டாவது பாதி கிரேடு, அதாவது செல்லு பாக்க எவ்வளவு மாறிப்போயி இருக்குங்கறது. இத ஸ்டேஜ்னு நெனச்சு எங்க அண்ணன் ஒரு ராத்திரி தூங்கல. ஸ்டேஜ் வேற, அது ஸ்கேன் எல்லாம் எடுத்த பெறகு டி, என், எம்னு மூணு எழுத்துல வரும், டின்னா கட்டியோட அளவு, 'என்'னா நெறிக்கட்டுல இருக்கா, எம்னா தூரத்து உறுப்புக்கு போயிருக்கா. எங்களுக்கு 2.6 செ.மீ, ஆழமும் ரொம்ப இல்ல, அதனால டி2, நெறிக்கட்டுல இல்ல, வெளியவும் இல்ல. ஆபரேஷனுக்கு அப்பறம் வர்ற ரிப்போர்ட்டுல "மார்ஜின் நெகட்டிவ்"னு இருந்தா பயந்துறாதீங்க, வெட்டுன ஓரத்துல கேன்சர் இல்லைன்னு அர்த்தம், நல்ல சேதி. இன்னொண்ணு, வாயில ஆரம்பிச்சது நுரையீரலுக்கு போனாலும் அதுக்கு பேரு வாய் கேன்சர்தான், மருந்தும் அதுக்குத்தான் குடுப்பாங்க.

டாக்டர்ட்ட கேக்க வேண்டிய மொத கேள்வி எத்தனை லட்சம் ஆகும்ங்கறது இல்ல, "இந்த வைத்தியம் குணமாக்குறதுக்கா, இல்ல கட்டுக்குள்ள வைக்கிறதுக்கா"ங்கறது. அந்த பதில வச்சுத்தான் வீட்டுல மத்த முடிவெல்லாம். சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், கீமோ டாக்டர் மூணு பேரும் சேந்து பாத்தாங்களான்னும் கேளுங்க. வேற ஒரு டாக்டர்ட்டயும் காட்டணும்னா பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்களே, அது) கேட்டு வாங்கிட்டு போங்க, தருவாங்க.

எங்க போறது? காரைக்குடி தேவகோட்டை பக்கம் இருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போறவங்க நெறைய, சென்னைல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு, அது 1954ல நம்ம பக்கத்து புதுக்கோட்டைல பொறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்சது, தங்கச்சிய கேன்சர்ல பறிகுடுத்தவங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு விஏஓ சர்டிபிகேட் வேணும், கலெக்டர் ஆபீஸ்ல பதியணும், ஆஸ்பத்திரில சேரறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. ரயில்ல கேன்சர் பேஷண்டுக்கும் கூட போறவருக்கும் சலுகை உண்டு, ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏசிலயும் பேஷண்டுக்கு டிக்கெட் காசே கெடையாது, பல்லவன் எக்ஸ்பிரஸ்ல உக்காந்து போனா 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரில அதுக்குன்னு ஃபார்ம் தருவாங்க, கேட்டாத்தான் தருவாங்க.

வாய், கழுத்து பக்கம் ரேடியேஷன்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல்ல காட்டிடுங்க, இது ரொம்ப முக்கியம், யாரும் அழுத்திச் சொல்றதில்ல. ஆடுற பல்லு, காப்பாத்த முடியாத சொத்தை எல்லாத்தையும் அப்பவே புடுங்கி புண்ணு ஆறவிடணும், ரேடியேஷன் வாங்குன தாடைல பின்னாடி பல்லு புடுங்குனா எலும்பு ஆறாமயே போயிடலாம். சின்னாத்தாவுக்கு நாலு பல்லு போச்சு. அப்பறம் மொகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செஞ்சு, அத மாட்டித்தான் ஒவ்வொரு நாளும் படுக்க வைப்பாங்க, வாரத்துல அஞ்சு நாள், ஆறு வாரம், 30 தடவை. ரேடியேஷன் நேரம் சில நிமிஷம்தான், வலிக்காது. வலி ரெண்டு மூணு வாரம் கழிச்சு வரும், வாய் வெந்து போயி, எச்சி வத்தி, ருசியே இல்லாம. "மண்ண திங்கிற மாதிரி இருக்கு"ன்னு தட்ட தள்ளிவிட்டாங்க, வீட்டுக்கே சமையல் சொல்லிக்குடுத்த மனுஷி. மொளகா மசாலா புளி எல்லாம் நிறுத்திட்டோம். தேங்காப்பால் விட்டு குழைச்ச இடியாப்பம், சீனி கம்மியா பால் பணியாரம், கும்மாயத்த (உளுந்து மாவு இனிப்பு) நெய் விட்டு கூழாட்டம் தளர்த்தி, முட்டைய கலக்கி வேகவச்சு, இப்படி கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு ஏழெட்டு தடவை. எறங்கலன்னா மூக்கு வழியா டியூப் போடுவாங்க, அது கடைசி கட்டம்னு அர்த்தமில்ல, எடை எறங்காம இருக்கத்தான்.

கீமோ சின்னாத்தாவுக்கு தேவைப்படல, ஆனா வார்டுல பக்கத்து கட்டில்காரங்களுக்கு ஓடுனத பாத்தேன். எல்லா கீமோவுக்கும் முடி கொட்டாது, கொட்டுனாலும் அனேகமா திரும்ப வளரும். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு, கீமோ ஓடுற காலத்துல 100.4 தாண்டுச்சுன்னா மாத்திரை போட்டு விடிய பாக்கலாம்னு இருக்கக்கூடாது, வெள்ளையணு கொறஞ்ச நேரம், ராத்திரி ஒரு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுட்டு கிளம்பிடணும். ரத்த கேன்சர்ல பொதுவா கட்டிய வெட்டி எடுக்குற கதையே இல்ல, சில மார்பு கேன்சருக்கு ஹார்மோன் மாத்திரை அஞ்சு பத்து வருஷம் போடணும், அதனால பக்கத்து வீட்டு வைத்தியத்த உங்க வைத்தியத்தோட ஒப்பிடாதீங்க.

நாட்டு மருந்து கொண்டு வர்ற சொந்தக்காரங்க வருவாங்க. சண்டை வேணாம், ஆனா டாக்டர்ட்ட சொல்லாம எதையும் உள்ள குடுக்காதீங்க, ஈரலுக்கும் கிட்னிக்கும் ஏற்கனவே வேலை அதிகம்.

சின்னாத்தாட்ட மொதல்ல வெறும் "கட்டி"ன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். வார்டு வாசல்ல இருந்த போர்ட படிச்சுட்டு, "எனக்கு தமிழ் படிக்கத் தெரியும்ப்பு"ன்னாங்க, அதோட ஒளிவுமறைவ விட்டோம், அப்பறம் டாக்டர்ட்ட கேள்வி கேட்டதெல்லாம் அவங்கதான்.

ரேடியேஷன் முடிஞ்சதும் வேலை முடியல. மொத வருஷம் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா செக்கப். அதோட வாய் இறுகிப்போயிடும், பயிற்சி பண்ணலன்னா ஸ்பூன் கூட நுழையாது. ஐஸ்குச்சிய அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, வலி தாங்குற அளவுக்கு வாரத்துக்கு ஒண்ணு கூட்டச் சொன்னாங்க. நாங்க 11 குச்சில ஆரம்பிச்சோம், இப்ப 17. காலைல காப்பிக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரி சீரியல் ஓடுறப்ப ஒரு தடவை, விளம்பரம் முடியற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. குச்சி வெத்தலைப் பெட்டிலதான் இருக்கு.