ஒரே வழக்கை வைத்துக் கருக்கலைப்பு விவாதம் நடத்துவது எப்படி?

கல்லூரியிலோ வாசகர் வட்டத்திலோ கருக்கலைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் ‘உயிர்’, மறுபக்கம் ‘உரிமை’ என்று குரல் உயர்ந்துவிடும். பொதுப்படையாகப் பேசுவதால் வரும் கோளாறு இது. ஆளுக்கொரு பெண்ணை, ஆளுக்கொரு மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எல்லார் முன்னாலும் ஒரே வழக்கை வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரித்த 26 வார வழக்கு இதற்கு மிகப் பொருத்தமானது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால், கருத்தரித்ததே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு கருக்கலைப்புக்கு அனுமதி தந்தது. அடுத்த நாளே, சிசு உயிரோடு பிறக்க வாய்ப்புண்டு, இதயத் துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று எய்ம்ஸ் தரப்பிலிருந்து கேள்வி வந்தது. 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகளும் இரு வேறு கருத்துச் சொன்னார்கள். 16ஆம் தேதி தலைமை நீதிபதி தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பெற்றோர் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றது.

இதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள். கீழே சட்டத்தையும் சேருங்கள். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு மட்டும், இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 24க்கு மேல், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் அனுமதி உண்டு. பெண்ணின் உயிரை உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய நிலையில் வார வரம்பே கிடையாது. 18 வயது நிறைந்த, மனநலக் குறைபாடு இல்லாத பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. இந்த ஒரு வரி தெரியாமலே பாதிப் பேர் வாதாடுவார்கள். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். 24 வாரம் என்றால் கரு உருவாகி ஏறக்குறைய 22 வாரம்தான்.

12 முதல் 15 பேர், 90 நிமிடம். எல்லாரும் 18 வயதைக் கடந்தவர்களாக இருக்கட்டும். தொடங்கும்போதே, சொந்த அனுபவம் யாரும் சொல்ல வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள். அந்த அறையில் கருக்கலைப்பு செய்துகொண்டவரோ குறைப் பிரசவத்தில் குழந்தையை இழந்தவரோ இருக்கக்கூடும். சிசுவின் படங்களைத் திரையில் காட்டக் கூடாது, படம் வந்ததும் யோசனை நின்றுவிடும். மூவர் அமர்வின் தீர்ப்பு சரியா என்று பெயரில்லாத சீட்டில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கை தூக்கச் சொன்னால், தூக்கிய கையை இறக்க யாருக்கும் மனம் வராது. சீட்டுக்கும் தகவல் தாளுக்கும் 10 நிமிடம் போதும்.

அடுத்த 50 நிமிடம் கேள்விகளுக்கு. ஒன்று முடியாமல் இன்னொன்றுக்குத் தாவ விடாதீர்கள்.

முதலில், கருவுக்கு எப்போது முழு மதிப்பு வருகிறது? கருத்தரித்த கணமே என்பார்கள் சிலர், வலியை உணரும்போது என்பார்கள் சிலர், வெளியே பிழைக்க முடியும்போது என்பார்கள் சிலர். கடைசிப் பதிலுக்கு ஒரு எதிர்க்கேள்வி போடுங்கள்: பிழைப்பது பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பொறுத்தது என்றால், சென்னையில் உள்ள சிசுவுக்கு ஒரு மதிப்பு, மலைக்கிராமத்தில் உள்ளதற்கு வேறு மதிப்பா?

இரண்டாவதுதான் கனமான கேள்வி. முழு மதிப்பு உண்டென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தன் உடலைக் கொடுக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா? பெற்ற பிள்ளைக்கே என்றாலும் தந்தையின் சிறுநீரகத்தை நம் சட்டம் கட்டாயமாக எடுக்காது. இங்கே ஒருவர் கட்டாயம் மறுப்பார்: சிறுநீரகம் கொடுக்காமல் இருப்பதும், சிசுவின் இதயத்தை ஊசி போட்டு நிறுத்துவதும் ஒன்றல்ல. அந்த மறுப்புக்கு இடம் கொடுங்கள், அது பலமானது. கர்ப்பத்தை முடிப்பது வேறு, சிசுவின் உயிரை முடிப்பது வேறு. ஆரம்ப வாரங்களில் இரண்டையும் பிரிக்க முடியாது, 26இல் பிரிக்க முடியும். ஆனால் உயிரோடு எடுத்தால், குறைமாதத்தில் பிறந்த பாதிப்புகளோடு அந்தக் குழந்தை வாழ நேரலாம். அதனால்தான் மருத்துவர்கள் நீதிமன்றத்திடம் கேட்டார்கள். இந்த இடத்தில் 20 நிமிடமாவது நில்லுங்கள்.

மூன்றாவது, முடிவு யாருடையது? நம் சட்டத்தில் 20 வாரத்துக்குள்ளும் மருத்துவரின் கருத்து வேண்டும், பெண்ணின் விருப்பம் மட்டும் போதாது. அது பாதுகாப்பா, தடையா?

நடுவில் யாராவது, பெண் சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட உசிலம்பட்டியையும், அதைத் தடுக்க 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் எடுப்பார்கள். பாலினம் பார்த்துக் கலைப்பது தனி விவாதம், கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று சொல்லித் தள்ளிவையுங்கள். ஆனால் குறைபாட்டுக்கு மட்டும் 24 வாரத்துக்குப் பிறகும் சட்டம் வழி விடுகிறதே, மாற்றுத்திறனாளிகளிடம் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் தள்ளாதீர்கள்.

பிறகு 20 நிமிடம் இருவர் இருவராக உட்கார வையுங்கள். எதிராளி ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை அவருடைய வாதத்தை நீங்கள் சொல்ல வேண்டும். பலர் முதல் முறை தோற்பார்கள். எதிர்த் தரப்பைக் கொஞ்சம் மட்டம் தட்டியே சொல்லிப் பழகிவிட்டோம்.

மீதி 10 நிமிடத்தில் இரண்டாவது சீட்டு. இம்முறை இரண்டு மதிப்பெண்: ‘அந்த நிலையில் நான் என்ன செய்வேன்’ ஒன்று, ‘சட்டம் எல்லாரையும் என்ன செய்ய வைக்கலாம்’ மற்றொன்று. இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முடிவை வாசிக்கும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். சீட்டுகளைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள், கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயே கிழித்துவிட்டு, யாருக்காவது மருத்துவ ஆலோசனை தேவைப்பட்டால் தமிழ்நாட்டில் 104ஐ அழைக்கலாம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி அனுப்புங்கள்.