அயர்லாந்து வரலாறு: ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் டாரா ஊக்கை (Tara Brooch, ஆடையில் குத்தும் பழங்கால அணிகலன்) பார்ப்பவர்கள், அது டாரா குன்றில் ஆண்ட மன்னர்களுடையது என்று எண்ணிவிடுகிறார்கள். அது கிடைத்தது 1850இல், மீத் மாவட்டத்துப் பெட்டிஸ்டவுனில். அதை வாங்கிய நகை வணிகர்தான், நன்றாக விலைபோகும் என்று மன்னர்களின் குன்றுப் பெயரைச் சூட்டினார். செய்த காலம், கிடைத்த இடம், பெயர் வைத்த காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டைக் கெல்டியர் (Celts, பழங்கால ஐரோப்பிய இனக்குழுவினர்) கட்டியதாகச் சொல்வது அடுத்த தவறு. அது கி.மு. 3200 அளவில் எழுந்தது. கெல்டியப் பண்பாடு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. முகப்பில் பளிச்சிடும் வெள்ளைச் சுவரையும் அப்படியே பழையது என்று நம்ப வேண்டாம். வெண்படிகக் கற்கள் பழையவைதான். ஆனால் அகழாய்வில் அவை மேட்டின் முன் தரையில் சிதறிக் கிடந்தன. அவை சரிந்த சுவரின் கற்கள் என்று கருதிய தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி, அந்த முடிவின்படி 1970களில் கான்கிரீட் தாங்கலோடு சுவரை எழுப்பச் செய்தார். தரையில் பாவிய கற்களாகவே இருந்திருக்கலாம் என்பது எதிர்த்தரப்பு. அருகிலுள்ள நௌத் மேட்டில் அவ்வாறே தரையில் விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், வாதம் கண்ணெதிரே விளங்கும்.

அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக் அந்நாட்டுப் பாம்புகளை விரட்டினார் என்ற கதைக்கு அவர் எழுதிய இரண்டு நூல்களிலும் இடமில்லை. அவருக்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டில், சொலினஸ் என்ற ரோமானியர் அயர்லாந்தில் பாம்பே இல்லை என்று எழுதிவிட்டார்.

குடும்ப வரலாறு தேடுவோர்தான் அதிகம் இடறுகிறார்கள். 1922இல், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. '1922 தீயில் எல்லாம் போய்விட்டது' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அந்தத் தீயில் அழிந்தது உண்மை. ஆனால் 1861, 1871 ஏடுகளை அரசே முன்னரே அழித்துவிட்டது; 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் கூழாக்கப்பட்டன. முழுமையாகக் கிடைப்பவற்றில் பழையது 1901. அதுவும் 1911ம் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். குடும்பப்பெயரை 'ஓ', 'மக்' முன்னொட்டோடும் இல்லாமலும் தேடுங்கள். பலர் அவற்றை விட்டுவிட்டுப் பின்னர் மீண்டும் சேர்த்துக்கொண்டனர். அதற்கும் முந்தைய காலத்துக்கு கிரிஃபித் நில மதிப்பீடு (1847–1864) உதவும். அதில் நிலத்தை வைத்திருந்தவர் பெயர்தான் இருக்கும், மனைவி மக்கள் இருக்கமாட்டார்கள்.

வயதை நம்பிக் கணக்குப் போடுவது பெருந்தவறு. 1901இல் 55 என்று எழுதியவர் 1911இல் 70 ஆகியிருப்பார். 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானோருக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்ததே காரணம். அரசின் பொதுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. ஆகவே முதியவர்களிடம் சான்றிதழ் கிடையாது. வயதை மெய்ப்பிக்க, அப்போது இன்னும் எரியாதிருந்த 1841, 1851 ஏடுகளில் தேடித்தரும்படி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. அவையும் காப்பகத் தளத்தில் உண்டு. பெற்றோர் பெயர், தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர், ஊர் எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். தேடல் வெற்றி பெற்ற படிவங்களில், எரிந்துபோன ஏட்டிலிருந்த அந்தக் குடும்பத்தின் விவரமும் இருக்கும்.