தினசரிச் செய்திக்கு எந்தத் தளம்? தேர்ந்தெடுக்கும் முறை

வாட்ஸ்அப்பில் வந்து விழுவதை மட்டுமே செய்தி என்று படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாலை உட்கார்ந்தால் மூன்று தளங்களைத் தேர்ந்தெடுத்துவிடலாம். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் எதையும் முழுசாகப் படிக்கமாட்டோம்.

படி 1: என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் மாவட்டச் செய்திதான் முக்கியம் என்றால் தினத்தந்தி, தினமலர் போன்ற நாளிதழ்களின் தளங்களில் மாவட்டப் பக்கங்களைப் பாருங்கள். உலக விஷயங்களுக்கு பிபிசி தமிழ். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே செய்தியைப் பல தளங்களில் படியுங்கள்

உண்மையான தேர்வு இதுதான். மழைக்காலத்தில் வரும் பள்ளி விடுமுறைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கான செய்தியில் எந்த மாவட்டம், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா, அறிவித்த ஆட்சியர் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெளியானது என்பதெல்லாம் முதல் இரண்டு பத்திகளிலேயே வந்துவிடும். இன்னொரு ரகம் உண்டு. "மாணவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி!" என்று தலைப்பு. உள்ளே போனால் காற்றழுத்தத் தாழ்வு பற்றி நாலு பத்தி, நடுவில் விளம்பரம், கடைசி வரியில் "அறிவிப்பு வெளியாக வாய்ப்புள்ளது". அந்தத் தளத்தை அங்கேயே மூடிவிடலாம், இரண்டாவது வாய்ப்பெல்லாம் தேவையில்லை.

இதே செய்தி டிவி சேனல் லோகோவோடு கார்டாக வந்தால் உடனே நம்ப வேண்டாம். லோகோவை ஒட்டுவது சுலபம். போன வருஷத்துக் கார்டு தேதி தெரியாமல் மறுபடியும் சுற்றும். அந்தச் சேனலின் தளத்துக்கே போய்த் தேடுங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா? யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்களில் பார்க்கலாம்.

படி 3: நடத்துவது யார் என்று பாருங்கள்

முரசொலி தி.மு.க.வின் நாளேடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு. ஒளிவுமறைவு இல்லை, யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தே படிக்கிறோம். என்னைக் கேட்டால், ஆசிரியர் பெயரும் முகவரியும் இல்லாத 'நடுநிலை'த் தளத்தைவிட இது மேல். பக்கத்தின் அடியில் 'எங்களைப் பற்றி' இருக்கிறதா என்று பாருங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளுக்குப் பிறகு பல தளங்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் மின்னஞ்சலையும் போடுகின்றன. தப்பான செய்தி கண்ணில் பட்டால் அந்த முகவரிக்கு எழுதலாம்.

படி 4: போனில் அமைத்துக்கொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு போன் என்றால், குரோமில் தளத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்த்துவிடுங்கள். அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சரி என்றால் நாள் முழுக்க 'பிரேக்கிங்' வந்துகொண்டே இருக்கும், அதில் பாதி நடிகர் நடிகை கல்யாணச் செய்தி.